மூன்று மில்லிமீட்டர் எலும்பில் இம்ப்ளான்ட் நிற்குமா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 58. மேல்தாடையில் வலப்பக்கக் கடைவாய்ப் பற்கள் இரண்டை எடுத்து எட்டு வருடம் ஆகிறது. இப்போதுதான் இம்ப்ளான்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்வேர்) வைத்துக்கொள்ளலாம் என்று போனேன். எக்ஸ்ரே பார்த்த டாக்டர், "எலும்பு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கிறது. சைனஸ் லிஃப்ட் செய்து எலும்புத் தூள் வைக்க வேண்டும். இம்ப்ளான்ட் ஆறு மாதம் கழித்துத்தான்" என்றார். இன்னொருவர், "அவ்வளவு பெரிய ஆபரேஷன் எதற்கு, ஒரே நாளில் முடித்துவிடலாம்" என்கிறார். எனக்குக் காலையில் எழுந்ததும் தும்மலும் மூக்கடைப்பும் உண்டு. சுகரும் இருக்கிறது, மூன்று மாதச் சராசரி 8.1. மூக்குப் பக்கம் எலும்பை வைத்தால் மூச்சுக்கோ கண்ணுக்கோ ஏதாவது ஆகுமா? மாட்டு எலும்பு என்கிறார்களே, உண்மையா? நான்கு மாதத்தில் மகளைப் பார்க்க விமானத்தில் போக வேண்டும். இரண்டு டாக்டர்களில் யார் சொல்வதைக் கேட்பது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கடைசிக் கேள்விக்கே முதலில் வருகிறேன். அந்த இரண்டு பல் டாக்டர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரைப் போய்ப் பாருங்கள். உங்கள் கடிதத்தில் மூன்று மில்லிமீட்டர் என்பதைப் படித்து நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. போகிற போக்கில் எழுதிவிட்டுப் போனீர்களே, காலைத் தும்மலும் மூக்கடைப்பும், அங்கேதான் நின்றேன். காரணத்தைச் சொல்ல அந்த இடத்தின் அமைப்பைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

மூக்குக்கு இரண்டு பக்கமும், கன்னத்துக்குப் பின்னால், மேல்தாடை எலும்புக்குள் ஒவ்வொரு வெற்றறை இருக்கிறது. அதுதான் மேல்தாடை சைனஸ். பெரியவர்களுக்கு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12 முதல் 15 மில்லி கொள்ளளவு. உள்ளே காற்றுதான். அதன் கூரை கண்குழியின் தரை. அதன் தரைக்கு நேர் கீழே கடைவாய்ப் பற்களின் வேர்கள். சிலருக்கு வேர் நுனிக்கும் சைனஸுக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டர் எலும்புகூட இருக்காது.

பல் இருக்கும்வரை, மெல்லும்போது விழும் விசை அந்த எலும்பைத் தேய விடாமல் வைத்திருக்கும். பல்லை எடுத்ததும் இரண்டு பக்கத்திலிருந்தும் குறையத் தொடங்கும். ஈறுப் பக்கம் எலும்பு கரைந்து மேலேறும். மேலே சைனஸ் விரிந்து கீழே இறங்கும். எட்டு வருடத்தில் மூன்று மில்லிமீட்டர் மிஞ்சியிருப்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. "பல் எடுத்தபோதே வைத்திருக்கலாமே" என்று யாராவது இப்போது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். சிலருக்குப் பல் இருக்கும்போதே சைனஸ் தாழ்வாகத்தான் இருக்கும்.

இனி அந்த மூன்று மில்லிமீட்டருக்கு வருவோம். கடைவாயில் வைக்கும் இம்ப்ளான்ட் வழக்கமாக 8 முதல் 12 மில்லிமீட்டர் நீளம். குட்டை இம்ப்ளான்ட் என்று 6 மில்லிமீட்டரிலும் கிடைக்கிறது. எலும்பு ஆறோ ஏழோ இருந்தால் அதுவே போதும், சைனஸைத் தொட வேண்டிய அவசியமே வராது. எலும்பு ஐந்தாறு இருந்தால், இம்ப்ளான்டுக்குப் போடும் அதே துளை வழியாகச் சைனஸின் தரையை இரண்டு மூன்று மில்லிமீட்டர் மெல்ல மேலே தள்ளி, அன்றைக்கே இம்ப்ளான்டையும் வைத்துவிடலாம். உங்கள் இரண்டாவது டாக்டர் சொன்னது அநேகமாக இதுதான். எலும்பு நான்குக்கும் கீழே போய்விட்டால் பெரும்பாலான சர்ஜன்கள் பக்கவாட்டில் ஜன்னல் திறந்து எலும்புத் தூள் நிரப்பி, ஆறு முதல் ஒன்பது மாதம் காத்திருந்து பிறகு இம்ப்ளான்ட் வைப்பார்கள். இந்த எல்லைகள் ஆளுக்கு ஆள் ஒரு மில்லிமீட்டர் முன்பின்னாக இருக்கும்.

அப்படியானால் இரண்டு டாக்டர்களுக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம்? பல சமயம் அவர்கள் அளந்த படமே வேறாக இருக்கும். முழு வாயையும் ஒரே படத்தில் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரேயில் உருவம் பெரிதாகித் தெரியும். அதுவும் இடத்துக்கு இடம் வேறு அளவில். எலும்பின் அகலம் அதில் தெரியவே தெரியாது. சி.பி.சி.டி. என்ற முப்பரிமாண ஸ்கேனில்தான் உண்மையான அளவு கிடைக்கும். அதோடு, சைனஸின் தரை சமதளம் இல்லை, சரிந்து போகும். முன் பக்கத்தில் ஆறு இருக்கலாம், அதற்கு அடுத்த பல்லின் இடத்தில் இரண்டரை இருக்கலாம். ஒருவர் ஆறைப் பார்த்துப் பேசியிருப்பார், மற்றவர் இரண்டரையைப் பார்த்துப் பேசியிருப்பார். "எந்தப் படத்தில், எந்தப் பல் இருந்த இடத்தில் அளந்தீர்கள்?" என்று இருவரிடமும் கேளுங்கள். சண்டை பாதிக்கு மேல் அங்கேயே தீர்ந்துவிடும்.

ஸ்கேனிலும் மூன்றுதான் என்று வந்தால் நான் முதல் டாக்டர் பக்கம். மூன்று மில்லிமீட்டரிலும் அதே நாளில் இம்ப்ளான்டைப் பிடிக்க வைக்கும் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் இம்ப்ளான்ட் எலும்போடு ஒட்டுவதற்கு முதல் சில வாரங்கள் அது ஆடாமல் இருக்க வேண்டும். அந்த மூன்று மில்லிமீட்டர் பிடி விட்டுப்போனால் இம்ப்ளான்ட் சைனஸுக்குள்ளேயே நழுவிப் போகலாம். அதை எடுக்க இன்னொரு ஆபரேஷன். சுகர் 8.1 இருக்கும் ஒருவருக்கு அந்தப் பந்தயம் வேண்டாம் என்பது என் கருத்து.

ஆபரேஷன் என்றதும் பயந்திருக்கிறீர்கள். பல் பிடுங்கும்போது போடும் அதே மரத்துப்போகும் ஊசிதான். ஒரு பக்கத்துக்கு முக்கால் மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம். ஈறை விலக்கி, கன்னப் பக்கத்து எலும்பில் ஒரு சிறு ஜன்னல் திறப்பார்கள். ஜன்னலுக்குப் பின்னால் சைனஸின் உட்சவ்வு. முட்டை ஓட்டுக்கு உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும் சவ்வைக் கிழியாமல் உரித்துப் பார்த்திருக்கிறீர்களா? வேலை அந்த மாதிரிதான். ஆரோக்கியமான சவ்வு ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இராது. அதைத் தரையிலிருந்து சுற்றிலும் விடுவித்து மேலே உயர்த்தினால் கீழே ஓர் இடம் உருவாகும். அந்த இடத்தில் எலும்புத் தூளை நிரப்பி, ஜன்னலை மெல்லிய கொலாஜன் தாளால் மூடி, தையல் போடுவார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். எலும்புத் தூள் சவ்வுக்குக் கீழேதான் இருக்கிறது. காற்று இருக்கும் அறைக்குள் அது போவதில்லை. "மூக்குப் பக்கம் எலும்பை வைத்தால்" என்று நீங்கள் பயந்தது நடப்பதில்லை. அறையின் தரை கொஞ்சம் உயர்கிறது, அவ்வளவுதான். மூச்சு குறையாது, குரல் மாறாது. கண் அந்த அறையின் கூரைக்கு மேலே. நாங்கள் வேலை செய்வது தரையில்.

முறை ஒன்றும் நேற்று வந்ததில்லை. ஹில்ட் டாட்டம் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 1970களிலேயே இதைச் செய்யத் தொடங்கிவிட்டார். 1980இல் போய்ன், ஜேம்ஸ் இருவரும் இடுப்பெலும்பை எடுத்து வைத்துச் செய்ததை ஆய்விதழில் எழுதினார்கள். கீழ்த் துளை வழியாகத் தரையைத் தட்டி உயர்த்தும் சின்ன முறையை 1994இல் சம்மர்ஸ் விவரித்தார். அந்தச் சின்ன முறையில் சுத்தியலால் தட்டுவதால் சிலருக்குப் பிறகு சில நாள் தலைசுற்றல் வருவதுண்டு. காதுக்குள் இருக்கும் நுண்துகள்கள் இடம் பெயர்வதுதான் காரணம், சரிசெய்யக்கூடியது. ஒரே நாளில் முடிவது என்பதால் அதில் தொந்தரவே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம் என்பதற்காகச் சொன்னேன்.

ஜன்னல் முறையில் அடிக்கடி நேரும் சிக்கல், சவ்வு கிழிவது. நல்ல கைகளிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நேரும். சின்னக் கிழிசல் என்றால் கொலாஜன் தாளை வைத்து மூடிவிட்டுத் தொடரலாம். பெரிதாகக் கிழிந்தால் எலும்புத் தூள் வைக்காமல் தைத்துவிட்டு, சில மாதம் ஆறவிட்டு மறுபடி வர வேண்டும். அன்றைக்கே எப்படியாவது முடித்துத் தருகிறேன் என்று பிடிவாதமாக நிரப்பினால் தூள் அறைக்குள் சிதறிச் சீழ் பிடிக்கும். அதனால் உங்கள் சர்ஜனிடம், "சவ்வு கிழிந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டுவிடுங்கள். "எனக்குக் கிழிந்ததே இல்லை" என்று பதில் வந்தால் நான் வேறு சர்ஜனைத் தேடுவேன்.

சரி, மூக்கு. சைனஸின் வடிகால் துளை எங்கே இருக்கிறது தெரியுமா? தரையில் இல்லை. உள்சுவரில், கூரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. உள்ளே சுரக்கும் சளியை, சவ்வின் மேல் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் கீழிருந்து மேலே தள்ளிக் கொண்டுபோய் அந்தத் துளை வழியாக மூக்குக்குள் விடுகின்றன. துளை உயரத்தில் இருப்பது எங்களுக்கு வசதி. தரையை ஒரு சென்டிமீட்டர் உயர்த்தினாலும் வடிகால் அடைபடாது. ஆனால் அந்தத் துளை ஏற்கெனவே அடைபட்டிருந்தால் கதையே வேறு. ஒவ்வாமையால் மூக்கின் உட்பக்கம் வீங்கிக் கிடக்கும்போது துளை மூடிக்கொள்ளும், சளி தேங்கும், கிருமி வளரும். அதற்குக் கீழே போய்ப் புதிதாக எலும்புத் தூளை வைத்தால், ஆபரேஷன் வீக்கமும் சேர்ந்துகொள்ள, நோய்த்தொற்று வர வழி திறந்துவிடுகிறோம். ரத்த ஓட்டம் இன்னும் எட்டாத எலும்புத் தூளில் கிருமி பிடித்துவிட்டால் மாத்திரையால் அதைச் சரிசெய்வது கடினம். பெரும்பாலும் வைத்ததைச் சுரண்டி எடுக்கத்தான் வேண்டியிருக்கும்.

தும்மல் தனி ஆபத்து. வாயை மூடிக்கொண்டு அடக்கிப் போடும் ஒரு தும்மலின் அழுத்தம் போதும், புதிதாக உயர்த்திய சவ்வு கிழிந்துபோக. தினமும் காலையில் தும்முகிறவர் முதல் மூன்று வாரத்தை எப்படிக் கடப்பார் என்று யோசியுங்கள்.

அதனால்தான் இ.என்.டி. டாக்டர் முதலில். ஒவ்வாமைக்கு மூக்கில் அடிக்கும் மருந்தே பலருக்குப் போதும். தடுப்புச்சுவர் வளைந்திருந்தாலோ மூக்கில் சதை வளர்ந்திருந்தாலோ அவர் முடிவு செய்வார். ஸ்கேன் எடுக்கும்போது ஒரு சொல் சொல்லிவையுங்கள்: பல் இடம் மட்டும் போதாது, சைனஸ் முழுவதும், மேலே உள்ள வடிகால் துளை வரை படத்தில் விழ வேண்டும். பல்லுக்கு என்று எடுக்கும் சின்ன ஸ்கேனில் துளை தெரியாமல் போய்விடும். பிறகு மூக்கு டாக்டர் இன்னொரு ஸ்கேன் கேட்பார். ஸ்கேன் அறிக்கையில் சவ்வு லேசாகத் தடித்திருக்கிறது என்றோ, தரையில் வட்டமாக நீர்க்கட்டி இருக்கிறது என்றோ எழுதியிருந்தால் கலங்க வேண்டாம், அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கும் அது சகஜம். துளை அடைபட்டிருப்பதும், அறைக்குள் நீர்மட்டம் தெரிவதும்தான் சைனஸ் லிஃப்ட்டைத் தள்ளிப்போட வைக்கும். சைனஸுக்குள் எலும்புத் தடுப்புகள் இருக்கின்றனவா, ஜன்னல் போடும் இடத்தில் ரத்தக் குழாய் ஓடுகிறதா என்பதும் அதே ஸ்கேனில் தெரிந்துவிடும்.

சுகரை ஏழை ஒட்டிக் கொண்டுவாருங்கள். 8.1இல் புண் ஆறுவது மெதுவாகும், தொற்று எளிதில் வரும். உங்கள் வயதுப் பெண்கள் பலர் சொல்ல மறக்கும் இன்னொன்று: எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரையோ, ஆறு மாதத்துக்கு அல்லது வருடத்துக்கு ஓர் ஊசியோ போட்டுக்கொள்கிறீர்களா? அந்த மருந்துகளில் சில, தாடை எலும்பு ஆறுவதைக் கெடுக்கும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டாலும் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். இதைப் படிக்கும் புகைபிடிப்பவர்களுக்கு: அதை விடாமல் இந்த ஆபரேஷனுக்குப் போவது பணத்தை வீணாக்குவது.

மாட்டு எலும்பு விஷயம் உண்மைதான். நிறையப் பேருக்கு வைக்கப்படும் தூள் மாட்டெலும்பிலிருந்து வருகிறது. அதிலுள்ள உயிர்ப்பொருள் அனைத்தையும் நீக்கி, வெறும் தாது எலும்பாக்கி, கிருமிநீக்கம் செய்து தருகிறார்கள். அது மெதுவாகத்தான் கரையும் என்பதால் உயர்த்திய இடம் சுருங்காமல் நிற்கும்; அதற்காகவே பல சர்ஜன்கள் அதை விரும்புகிறார்கள். பன்றி எலும்புத் தூளும், தானம் தந்த மனித எலும்பிலிருந்து தயாரிப்பதும் உண்டு. உங்கள் தாடையின் பின்பகுதியிலிருந்தே கொஞ்சம் சுரண்டி எடுத்துக் கலக்கலாம். முழுக்கச் செயற்கையான கால்சியம் பாஸ்பேட் தூளும் இருக்கிறது. எதை வைத்தாலும் அந்தத் தூள் அப்படியே எலும்பாக மாறிவிடுவதில்லை. உங்கள் சைனஸின் எலும்புச் சுவரிலிருந்து ரத்தக் குழாய்களும் எலும்பு செல்களும் அதற்குள் படர்ந்து வந்து புது எலும்பைக் கட்ட வேண்டும். ஆறு மாதம் காத்திருக்கச் சொல்வது அதற்காகத்தான். மனசுக்கு ஒப்பாத பொருள் ஏதாவது இருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். மாற்று இருக்கும்போது தயங்கிக்கொண்டு ஒப்புக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை. வைக்கும் பொருளின் பெயரை எழுதி வாங்கிக்கொள்வதும் உங்கள் உரிமை.

ஆபரேஷனுக்குப் பிறகு கன்னம் இரண்டு மூன்று நாள் நன்றாக வீங்கும், கண்ணுக்குக் கீழே கன்றிப் போகலாம். அந்தப் பக்க மூக்கில் ஒன்றிரண்டு நாள் லேசாக ரத்தம் கசிந்தால் பயப்பட வேண்டாம். மூன்று வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது; தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். ஸ்ட்ரா வைத்து உறிஞ்சுவது, பலூன் ஊதுவது, கனமான பொருளைத் தூக்குவது எல்லாம் அதுவரை வேண்டாம். தலையணையை உயர்த்திப் படுங்கள், ஆன்டிபயாட்டிக்கைப் பாதியில் விடாதீர்கள். நாலாவது ஐந்தாவது நாளில் குறைய வேண்டிய வலியும் வீக்கமும் கூடினாலோ, மூக்கிலிருந்து நாற்றத்தோடு சளி வந்தாலோ, சின்னச் சின்னத் துகள்கள் தொடர்ந்து விழுந்தாலோ, தண்ணீர் குடிக்கும்போது மூக்கு வழியாக வந்தாலோ அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

இவ்வளவுக்கும் முன்னால் நீங்கள் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது: அந்தப் பற்கள் கட்டாயம் வேண்டுமா? முன்கடைவாய்ப் பற்கள் இரண்டு பக்கமும் உறுதியாக இருந்தால் பலர் பின்பற்கள் இல்லாமலே நன்றாகச் சாப்பிடுகிறார்கள். எட்டு வருடம் சமாளித்த உங்களுக்கு இப்போது ஏன் தோன்றியது? மெல்ல முடியவில்லையா, இடப்பக்கம் வலிக்கிறதா, சிரித்தால் தெரிகிறதா? அதற்கேற்ப விடை மாறும். கழற்றி மாட்டும் பல் இதில் எந்த ஆபரேஷனும் கேட்காது. இரண்டு பக்கப் பற்களையும் பிடித்துக் கட்டும் பிரிட்ஜ் போட இடைவெளிக்குப் பின்னால் உறுதியான ஒரு பல் வேண்டும். ஞானப் பல் இல்லாவிட்டால் அந்த வழி மூடிவிட்டது. இன்னொன்றையும் இப்போதே பார்க்கச் சொல்லுங்கள். எதிரே கடிக்க ஒன்றும் இல்லாததால் கீழ்ப்பற்கள் இந்த எட்டு வருடத்தில் மேலேறி வந்திருக்கலாம். ஒரு வருடம் பொறுத்து இம்ப்ளான்டும் வைத்த பிறகு, அதன்மேல் தொப்பி (வெளியே தெரியும் செயற்கைப் பல்) போட இடம் இல்லை என்று தெரிந்தால் அழுகைதான் வரும். கீழ்ப்பல்லைச் சீவ வேண்டுமா, க்ளிப் போட்டு இறக்க வேண்டுமா என்பதெல்லாம் முதல் நாளே திட்டத்தில் இருக்க வேண்டும்.

பயணத்துக்கு வருகிறேன். மூக்குச் சிகிச்சைக்குச் சில வாரம் போகும். சுகர் இறங்கியதை அந்த மூன்று மாதச் சராசரி காட்டவே மூன்று மாதம் ஆகும். ஆக, உங்கள் விமானத்துக்கு முன்னால் ஆபரேஷனை நுழைக்க உண்மையில் இடமே இல்லை. மகளைப் பார்த்துவிட்டு வந்து தேதி வாங்குங்கள். எட்டு வருடம் பொறுத்த எலும்பு இந்த நான்கு மாதத்தில் பெரிதாக ஒன்றும் கரைந்துவிடாது. ஆபரேஷன் முடிந்த சில வாரங்களுக்கு விமானத்தில் ஏறக் கூடாது. காற்றழுத்தம் மாறுவது சவ்வுக்கு ஆகாது. அதற்குப் பிறகும் முதல் இரண்டு மாதம், கூப்பிட்டால் சர்ஜனிடம் வந்து சேரும் தூரத்தில் இருப்பது நல்லது. மகள் வீட்டில் நீண்ட நாள் தங்க நினைத்தால், எலும்புத் தூள் வைத்த பிறகு வரும் ஆறு மாதத்தின் பிற்பாதியில் இன்னொரு முறை போய் வாருங்கள். அப்போது வாய்க்குள் செய்வதற்கு வேலை எதுவும் இருக்காது.